காக்கை தொடாத இலை

அருகம்புல் ஒன்றைக் கிள்ளி வைத்தாலும் அதை மலையளவாக ஏற்றுக்கொள்ளும் ஆனைமுகப் பிள்ளையை முதலில் நினைத்துக்கொள்வோம். அந்தப் பெருவயிற்றுப் பெருமான் இந்தக் கதைக்குத் துணையிருக்கட்டும். அவனைப் பெற்ற அம்மையும் அப்பனும் சொல்லுகிற நாவிலும் கேட்கிற உங்கள் காதிலும் வந்து அமரட்டும். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஓர் ஊரிலே, காவேரி இரண்டாகப் பிரிந்து மறுபடியும் ஒன்றாகச் சேருகிற ஓர் ஊரிலே, ஐயாறப்பர் என்று ஒருவர் இருந்தார். அந்த ஊர் ராஜா பெரிய சிவன் கோயில் ஒன்றைக் கட்டிவிட்டு, எந்த நாளுக்கு எந்தப் பூ, எந்த வேளைக்கு எந்த நைவேத்தியம் என்று தெரியாமல் திகைத்தபோது, அதையெல்லாம் எடுத்துச் சொன்னவர் இவர்தான். சோமவாரமென்றால் வில்வம் என்பார். பிரதோஷமென்றால் தும்பை என்பார். மார்கழித் திருவாதிரையென்றால் களி என்பார். கேட்ட மாத்திரத்தில் சொல்லுவார். சொன்னது ஒருநாளும் தவறாது.

ராஜா பல்லக்கில் வந்து இறங்குவார், இறங்கியதும், "ஐயாறப்பரே, நாளைக்கு நம்ம ஆண்டவருக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்பார்.

"மகாராஜா, வெயில் ஏறிப்போச்சு. இளநீர் அபிஷேகம் பண்ணி, பானகம் வச்சா ஐயனோட திருவுளம் குளிர்ந்துடும்" என்பார் இவர்.

அப்படியே நடக்கும். அன்று சாயங்காலமே ஒரு மேகம் வந்து நாலு தூறல் போடும். ராஜாவுக்கு மெய்சிலிர்த்துப் போகும். ஒருநாள் சபை நடுவே எழுந்து நின்று, "இன்றுமுதல் இவருக்குத் திருவுளமறிந்தார் என்று பெயர்" என்று சொல்லி, பட்டும் பரிவட்டமும் கட்டிவிட்டார். அன்றிலிருந்து ஊரில் யாரும் அவரை ஐயாறப்பர் என்று கூப்பிட்டதே இல்லை. பால்காரன்கூட வாசலில் நின்று, "திருவுளமறிந்தாரே, பால்!" என்றுதான் குரல் கொடுப்பான்.

அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். தையல்நாயகி என்று பெயர். பிள்ளை குட்டி இல்லை. அவர் பறித்து வருகிற பூவையெல்லாம் அவள் தொடுப்பாள். தொடுத்துவிட்டு உலை வைப்பாள். அவர் கோயிலிலிருந்து வருகிற வேளை பார்த்து இலை போடுவாள். எண்ணெய்க் கத்திரிக்காயா, காம்பு முறியாமல் வதக்கியிருப்பாள். மோர்க்குழம்பா, திரியாமல் பக்குவமாக இறக்கியிருப்பாள். வாழைப்பூ வடையா, நரம்பெடுத்து, பொடியாக நறுக்கி, கையில் ஒட்டாமல் தட்டியிருப்பாள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரானால் அவளுக்கு அது போதும்; அன்று முழுக்க முகம் மலர்ந்திருக்கும்.

கல்யாணமான புதிதில் ஒரே ஒருநாள் அவர் கேட்டார், "நீ என்ன சாப்பிடப்போறே?" என்று.

"எனக்கு அடிச்சோறுன்னா உசிருங்க. பானையைச் சுரண்டிச் சாப்பிட்டாத்தான் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். நீங்க எழுந்திருங்க" என்றாள்.

அவர் நம்பிவிட்டார். நம்பலாமா, நீங்களே சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் ஒருத்தி அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். எழுந்துபோய் அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து மீதிக் கதையைக் கேளுங்கள்.

அந்த வீட்டுக் கொல்லையில் ஒரு கொடுக்காப்புளி மரம் நின்றது. உடம்பெல்லாம் முள். சுருள் சுருளாகக் காய் தொங்கும். பழுத்தால் தானே வெடித்து, வெள்ளையும் சிவப்புமாகச் சதை தெரியும். அதன் உச்சியில் ஒரு காக்கை வருஷந்தோறும் கூடு கட்டும். இறக்கையில் ஓர் இறகு மட்டும் வளைந்து நிற்கிற காக்கை அது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு வேண்டும்.

திருவுளமறிந்தாருக்கு அந்த மரத்தைக் கண்டாலே ஆகாது. பூ பூசைக்கு உதவாது, நிழலில் வேறு எதுவும் வளராது என்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"தையல், கொல்லை மரத்தை நாளைக்கு வெட்டச் சொல்லியிருக்கேன். அந்த இடத்துல நந்தியாவட்டையும் செவ்வரளியும் வைக்கப்போறேன்."

கரண்டியும் கையுமாக அவள் அப்படியே நின்றுவிட்டாள். நின்று, "காய் இப்பத்தாங்க பழுக்க ஆரம்பிச்சிருக்கு. பழுத்து முடியட்டுமே" என்றாள்.

"அது என்ன மாம்பழமா, காத்திருக்கிறதுக்கு?"

"காக்கா முட்டை வச்சிருக்குங்க. குஞ்சு பொரிச்சுப் பறக்கட்டுமே."

"காக்காய்க்கு ஊர்ல வேற மரமா இல்லே?"

மூன்றாவதாக, அவள் "சாமிக்குத்தானே?" என்று கேட்டாள்.

"சாமிக்குத்தான்."

"அப்ப சரி, வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்குக் குழம்பை ஊற்றினாள்.

மரம் விழுந்தது. கூடும் விழுந்தது. முட்டைகள் உடைந்து மண்ணோடு மண்ணாயின. வளைந்த இறகுக் காக்கை அன்று முழுக்க அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. வேர்ப்பக்கம் கொத்திய ஆள் வழவழப்பான ஒரு கல்லைத் தூக்கிக் காட்டி, "ஐயா, இதை என்ன செய்ய?" என்று கேட்டான். "தோட்டத்துப் படல் கதவு காத்துல ஆடுது, அதுக்கு முட்டுக் கொடு" என்றார் இவர்.

அன்றுமுதல் அந்தக் கல் படலுக்குக் காவலாக இருந்தது. விடியற்காலையில் பூப்பறித்துக்கொண்டு வருவார். இரண்டு கையிலும் சாமிப் பூ. படலைத் திறக்கவேண்டுமே, காலால் அந்தக் கல்லைத் தள்ளிவிட்டு வருவார். அவர் போனபிறகு தையல்நாயகி ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து, கல்லைக் கழுவி, பழையபடி நகர்த்தி வைப்பாள். அவரும் இரண்டொரு தடவை பார்த்திருக்கிறார். வழியைச் சுத்தமாக வைத்திருக்கிறாள் என்று உள்ளூர மெச்சிக்கொண்டார்.

பூச்செடிகள் மதமதவென்று வளர்ந்தன. இவ்வளவு அடர்த்தியான மாலையைத் தாம் எங்கும் கண்டதில்லை என்று ராஜா இன்னொரு பட்டுச் சால்வை போர்த்தினார். வெட்டின மரமோ லேசில் சாகவில்லை. செடிகளுக்கு நடுவே அடிக்கடி முள்ளோடு ஒரு துளிர் எட்டிப் பார்க்கும். இவர் கண்ணில் பட்டதும் கிள்ளி எறிவார். மறுபடி துளிர்க்கும், மறுபடி கிள்ளுவார்.

சில வருஷம் கழித்து, ஒரு மாசி மாதக் கடைசியில், தையல்நாயகி காய்ச்சலில் படுத்தாள். கஞ்சி இறங்கவில்லை, கஷாயம் தங்கவில்லை. வாயெல்லாம் கசப்பு. அன்றைக்குப் பிரதோஷம். திருவுளமறிந்தார் திருநீறு பூசிக்கொண்டு கிளம்புகிறார். அவள் மெல்லத் தலையைத் தூக்கி, "இங்கே பாருங்களேன். வாய்க்கு ஒண்ணுமே பிடிக்கலை. ஒண்ணே ஒண்ணு கேட்கட்டுமா?" என்றாள்.

"வந்து கேட்டுக்கறேன் தையல். நந்திக்கு அபிஷேகம் ஆரம்பிச்சுடுவாங்க. சாமிக்கு நேரமாச்சு."

"சரி, போயிட்டு வாங்க" என்றாள்.

அவர் போய்விட்டு வந்தார். அவள்தான் போய்விட்டாள்.

என்ன கேட்க நினைத்தாள்? அது அவருக்குத் தெரியாது. அந்த ஒரு கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. போகட்டும், காரியமாவது குறைவில்லாமல் செய்வோம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

போனவர்களுக்கு எது பிடிக்குமோ அதை இலையில் படைத்து, காக்கைக்கு வைப்பது நம் வழக்கம். காக்கை வந்து எடுத்தால் போனவர் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். எடுக்காவிட்டால், பசியோடு வாசலில் நிற்கிறார் என்று அர்த்தம். அடுத்த வீட்டுக் குஞ்சம்மாள் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமைத்துக் கொடுக்க வந்தாள். கொண்டையை முடிந்துகொண்டே, "அண்ணே, அண்ணிக்கு என்னென்ன பிடிக்கும், சொல்லுங்க. செஞ்சு இறக்கிடறேன்" என்றாள்.

ராஜா கேட்டால் எப்படிச் சொல்லுவாரோ அப்படித் தட்டாமல் சொன்னார்: "எண்ணெய்க் கத்திரிக்காய், மோர்க்குழம்பு, வாழைப்பூ வடை, பால் பாயசம்."

குஞ்சம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடுப்பை மூட்டினாள்.

இலை போட்டாயிற்று, கொல்லை மதில்மேல் வைத்து, "கா… கா…" என்று கூப்பிட்டாயிற்று. வேறு காக்கை ஒன்றும் வரவில்லை. வளைந்த இறகுக் காக்கை மட்டும் வந்து உட்கார்ந்தது. இலையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, தலையைச் சாய்த்து மறுபடி இலையைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்து பேசிற்று. காக்கை பேசுமா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் பேசிற்று. இந்தக் காலத்திலும் பேசத்தான் பேசுகிறது, நின்று கேட்க நமக்குத்தான் பொழுதில்லை.

"இது உனக்குப் பிடிச்சது" என்றது காக்கை. சொல்லிவிட்டுப் பறந்துபோய்விட்டது.

ஊர் சும்மா இருக்குமா? குளத்தங்கரையில் அன்றைக்கே பேச்சு. "சாமி மனசே தெரிஞ்சவராம், ஒரு காக்கா மனசு தெரியலையாம்!" என்றாள் ஒருத்தி. "காக்காய்க்கும் பட்டுச் சால்வை போர்த்திப் பார்க்கச் சொல்லுடி!" என்றாள் இன்னொருத்தி. அது அவர் காதிலும் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, குஞ்சம்மாளிடம் கேட்டார்:

"ஏம்மா, அவ என்னதான் சாப்பிடுவா? நீ பார்த்திருப்பியே."

"அண்ணி சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லியே அண்ணே. கேட்டா, அடிச்சோறுதான் பிடிக்கும்பாங்க."

"ஆமாம், ஆமாம்! என்கிட்டேயும் அதைத்தான் சொன்னா!" என்று அவருக்கு உயிர் வந்தது. வேறு யாரையும் சமைக்க விடாமல் தாமே உலை வைத்து, தாமே சோற்றைப் பொங்கி, பானையின் அடியைச் சுரண்டி எடுத்து, அடுத்த அமாவாசையன்று இலையில் வைத்துக் கூப்பிட்டார். காக்கை வந்தது. இலையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது.

"இது உனக்குப் போக மிஞ்சினது" என்றது.

அவர் மதிலைப் பிடித்துக்கொண்டு, "நீ அவளோடயே இருந்தே. உனக்குத் தெரியும். நீயாவது சொல்லேன்!" என்று கும்பிட்டார்.

"தெரியும். ஆனா நான் ஏன் சொல்லணும்? ஒரே கூரைக்கடியில இருந்தவன் நீ. நீ சொல்லு" என்று சொல்லிவிட்டு, காக்கை போய்விட்டது.

இனி யாரைக் கேட்பது? தையல்நாயகிக்கு உறவென்று மிச்சமிருந்தவன் அவள் தம்பி வைத்தி ஒருவன்தான். கொஞ்சம் வெள்ளந்தி. எருமை மேய்ப்பான், எருமை குளத்தில் இறங்கினால் தானும் இறங்கிவிடுவான், அழவேண்டிய இடத்தில் சிரிப்பான், சிரிக்கவேண்டிய இடத்தில் அழுவான். அவனை ஓர் ஆளென்று இவர் மதித்துப் பேசியதே கிடையாது. இப்போது அவனைத் தேடி அந்த ஊருக்கு நடந்து போனார். வைகாசி வெயில். வைத்தி குளத்து நடுவே, எருமை முதுகில் கையைப் போட்டுக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தான்.

"அடடே, அத்தானா? வாங்க, வாங்க. தண்ணி ஜில்லுன்னு இருக்கு, இறங்குங்க!"

"வைத்தி, விளையாடாதே. உங்க அக்காவுக்கு என்னடா பிடிக்கும்?"

வைத்தி கெக்கெக்கே என்று சிரித்தான். "இதென்ன கேள்வி அத்தான்? உங்க வீட்டுக் கொல்லையிலேயே நின்னுதே! கொடுக்காப்புளி!"

ஐயாறப்பர் குளக்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சின்னப் பிள்ளையில எங்கக்கா மரத்தைவிட்டு இறங்கவே மாட்டா. கையெல்லாம் முள்ளு கிழிச்சிருக்கும். நல்லாச் செவந்த பழம் ஒண்ணு கிடைச்சா முதல்ல மரத்தடிப் பிள்ளையாருக்கு. அடுத்தது காக்காய்க்கு. அதுக்கடுத்தது எனக்கு. இன்னும் இருந்தாத்தான் அவளுக்கு. 'பிள்ளையாருக்குப் போயி முள்ளுப் பழத்தை வைக்கிறியே'ன்னு எங்கம்மா திட்டும். 'எனக்கு இதுதான்மா பிடிக்கும், பிடிக்காததை எப்படிச் சாமிக்குத் தர்றது?'ம்பா."

"எங்க வீட்டு மரத்தடியில பிள்ளையார் எதுவும் இல்லியேடா?"

"ஏன் இல்லை? உங்க வீட்டுக்கு வந்ததும் காவேரியில பொறுக்கினாளே, வழவழன்னு ஒரு கல்லு. மஞ்சளைப் பூசி வச்சிருந்தா. இப்ப படலுக்கு முட்டுக் கொடுத்திருக்கீங்களே, அதுதான். தினம் காலால தள்ளிட்டுப் போவீங்களே, அதேதான்."

வைத்தி மேலும் சொன்னான்: "நான் ஒருவாட்டி வந்தப்ப பார்த்துட்டுக் கேட்டேன். 'ஏன்க்கா, அத்தான்கிட்ட சொல்லக்கூடாதா?'ன்னு. 'அவர் கையில சாமிப் பூ இருக்குடா, கீழே வைக்கமுடியாது. பாவம், அவர் என்ன செய்வார்? பிள்ளையாருக்கு எல்லாம் தெரியும், கோவிச்சுக்கமாட்டார்'னு சொல்லி, அந்தக் கல்லைக் கழுவினா." சொல்லிக்கொண்டே வந்தவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, எருமையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

வெகுநேரம் கழித்து ஐயாறப்பர், "ஒரு பழம் கிடைக்குமா வைத்தி? ஒண்ணே ஒண்ணு?" என்று கேட்டார். 'ஒண்ணே ஒண்ணு' என்று வாயில் வந்ததும், அது யார் சொன்ன சொல் என்று நினைவு வந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எல்லாம் உதிர்ந்துபோச்சு அத்தான். பங்குனியிலே வந்திருந்தா மடி நிறையப் பறிச்சுத் தந்திருப்பேன். அக்கா படுத்திருந்தப்ப இந்த வேலி பூராவும் சிவப்பாத்தான் இருந்துச்சு. இப்ப முள்ளுதான் இருக்கு. அடுத்த வருஷம் நான் பறிச்சுத் தரட்டுமா?"

"வேண்டாம்டா. நான் வெட்டினதை நான்தான் வளர்க்கணும்."

அவர் எழுந்து நடக்க, பின்னாலிருந்து வைத்தி கூவினான்: "அத்தான்! சாமிக்கு இது பிடிக்கும், அது பிடிக்கும்னு எல்லாம் சொல்றீங்களே, உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

ஊர் திரும்புகிற வழியெல்லாம் அவர் அதையே நினைத்துக்கொண்டு நடந்தார். வில்வமா? இல்லை. அபிஷேகம் பார்ப்பதா? அதுவும் இல்லை. கத்திரிக்காயா? இல்லவே இல்லை. ராஜா சபை நடுவே "திருவுளமறிந்தாரே" என்று கூப்பிடும்போது நெஞ்சுக்குள் ஒரு தேன் ஊறுமே, அதுதான். அதற்காகத்தான் பூ, அதற்காகத்தான் தோட்டம், அதற்காகத்தான் அந்த மரம் விழுந்தது. "சாமிக்குத்தானே?" என்று அவள் கேட்டாள்; "சாமிக்குத்தான்" என்று சொன்னோமே, அது பொய்யல்லவா, அதுவும் சாமி பெயரால் சொன்ன பொய்யல்லவா என்று நினைத்தபோது, நடுவழியில் நின்று வாய்விட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் படலண்டை விழுந்து கும்பிட்டார். அந்தக் கல்லை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். அடிப்பக்கத்தில், மண் படாத ஒரு பள்ளத்தில், பழைய மஞ்சள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நந்தியாவட்டைக்கு நடுவே தேடினார். முள்ளோடு ஒரு சிறு துளிர் நின்றது. தாம் எத்தனையோ முறை கிள்ளி எறிந்த அதே துளிர். அதனருகே கல்லை வைத்துக் கழுவி, குடத்தில் தண்ணீர் சேந்தி ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார்; அதற்கு மறுநாளும் ஊற்றினார்.

அவர் கோயிலுக்கு வரவில்லை என்று ராஜாவே வீடு தேடி வந்துவிட்டார். "திருவுளமறிந்தாரே, என்ன இது? நாளைக்கு ஆனித் திருமஞ்சனம். ஆண்டவருக்கு என்ன பிடிக்கும்னு சொல்ல ஆளில்லையே!"

ஐயாறப்பர் பட்டுத்துணியையும் பரிவட்டத்தையும் சால்வைகளையும் ஒரு தட்டில் வைத்து நீட்டினார். "மகாராஜா, அந்தப் பெயரைச் சொல்லி இனிமே கூப்பிடாதீங்க. கூடவே இருந்து எனக்குச் சோறு போட்டவ மனசு எனக்குத் தெரியலை. கண்ணால காணாத ஆண்டவன் மனசு எனக்கு எப்படித் தெரியும்? ஏட்டுல இருந்ததைச் சொன்னேன். அறிஞ்சு சொல்லலை."

ராஜாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு என்னவோ யோசனை வந்தது. பல்லக்கில் ஏறினவர் கோயிலுக்குப் போகாமல் நேரே அந்தப்புரத்துக்குப் போய், ராணியிடம், "ஏம்மா, உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். ராணி திடுக்கிட்டு எழுந்து, "யாரு கேட்டுட்டு வரச் சொன்னா? உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம். அதற்கப்புறம் அவள் என்ன சொன்னாள், அவர் என்ன செய்தார் என்பது அவர்கள் பாடு. ராஜாவுக்குக் கேட்கக் காலமிருந்தது, கேட்டுவிட்டார். நம் ஐயாறப்பருக்கு அது இல்லை.

அவர் மரத்தை வளர்த்தார். செவ்வரளியைக் குஞ்சம்மாள் வீட்டுக்கும், நந்தியாவட்டையைக் கோயிலுக்கும் பெயர்த்துக் கொடுத்துவிட்டு, அந்த ஒரு மரத்துக்கே தண்ணீர் சுமந்தார். ஒவ்வொரு வருஷமும் தையல்நாயகியின் திதி வரும். இலையைக் கழுவி மதில்மேல் வைப்பார். வைப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது. வெறும் இலை. காக்கை வரும், வெறும் இலையைப் பார்க்கும், அவரைப் பார்க்கும், பேசாமல் போய்விடும். "காக்காய்க்குப் பட்டினி போடுறாரு பாரு" என்று குளத்தங்கரையில் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தும் போனார்கள். அவருக்குத் தலை நரைத்தது; முதுகு வளைந்தது; குடம் தூக்கிய தோளில் தழும்பு விழுந்தது. மரம் மதிலைத் தாண்டியது. ஒரு மார்கழி மாதத்தில் பூத்தது. அடுத்து வந்த மாசியில், நுனிக் கிளையில், ஒரே ஒரு காய் பழுத்து வெடித்துச் சிவந்தது.

அவரே ஏறிப் பறித்தார். முள் கையைக் கிழித்தது. கிழிக்கட்டும் என்று பறித்தார். அவள் திதியன்று, முதலில் ஒரு சுளையை அந்தக் கல்லுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். மற்றதை இலையில் வைத்தார். கூப்பிடுமுன்பே காக்கை தானாக வந்தது. அதற்கும் வயதாகிவிட்டிருந்தது, வளைந்த இறகு வெளுத்திருந்தது. இலையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. இந்த முறை அது ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாக வந்து, சிவந்த சதையைக் கொத்தித் தின்றது. முழுவதும் தின்னவில்லை, ஒரு சுளையை மட்டும் மூக்கால் அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு, மரத்தின் உச்சிக்குப் பறந்துபோய் உட்கார்ந்தது.

ஐயாறப்பர் அந்தச் சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறந்ததிலிருந்து அவர் கொடுக்காப்புளி தின்றதே இல்லை. முதலில் கொஞ்சம் துவர்த்தது. பிறகு கொஞ்சம் இனித்தது. அப்புறம் தொண்டையைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. அதுதான் அந்தப் பழத்தின் குணம், தின்றவர்களுக்குத் தெரியும். "தையல்" என்று கூப்பிட வாயெடுத்தார். தொண்டையடைத்துக்கொண்டு பேச்சு வரவில்லை. எத்தனையோ மந்திரம் சொன்ன வாய். அவள் பெயரைச் சொல்லமுடியாமல் மரத்தடியில் அந்தக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார்.

அவள் பசி அன்று தீர்ந்தது. அவர் பசி தீரவில்லை, கடைசிவரை தீரவில்லை. பழுத்த பழத்தையெல்லாம் அதன்பின் தெருவில் போகிறவர் வருகிறவருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும், "உங்க வீட்டுல இருக்கிறவங்களுக்கு என்ன பிடிக்கும், கேட்டிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்பார். பதில் தெரியாதவர்களுக்கு இரண்டாகக் கொடுத்து, "வீட்டுக்குப் போய்க் கேளுங்க, இன்னைக்கே கேளுங்க" என்பார்.

அவரவர்க்குப் பிடித்தது எது என்று பார்த்தால் அவரவர் பக்தியும் தெரிந்துபோகும். ஒருவர் தமக்குப் பிடித்ததைச் சாமியின் பெயரால் தாமே வைத்துக்கொண்டார். ஒருத்தி தனக்குப் பிடித்ததைச் சாமிக்கும் காக்கைக்கும் தம்பிக்கும் கொடுத்துவிட்டு, மிஞ்சினதைத் தின்றாள். கல் யாருடைய பூசையை ஏற்றுக்கொண்டது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கொடுக்காப்புளி பழுத்தது, காக்கையும் பசியாறியது, கதையும் இங்கே வந்து கரை சேர்ந்தது. இதைக் கேட்ட நீங்கள் நன்றாக இருக்கவேண்டும். உங்களுக்குச் சோறு போடுகிற கை நீடூழி வாழவேண்டும். கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டிய காலத்தில் கேட்கிற நாவை ஆண்டவன் உங்களுக்குத் தரட்டும். பதில் வரும்வரை நின்று கேட்கிற காதையும் தரட்டும். படலண்டைக் கல்லிலும் இருக்கிற பிள்ளையார் உங்கள் காலடிக்கு முன்னால் வழித்துணையாகப் போகட்டும்.